மேப்பில் காணாமல் போன கணக்கு அலுவலகம்: சரிசெய்தது எப்படி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் உள்ள கணக்கு அலுவலகத்தை கூகுள் மேப் திடீரென்று முடக்கிவிட்டது. சொந்தத் தொழில் செய்பவர்களுக்கான வருமான வரி பாரம் பி-ஐ இணையத்தில் அனுப்ப ஜூலை 15 கடைசி. ஆள் தேடி வரும் நேரமும் அதுதான்.

காரணம் பெயர். பலகையில் இருப்பதோடு ஊர்ப்பெயரையும் 'மலிவு' என்பதையும் ஒட்டியிருந்தோம். கூகுளுக்கு அது ஆகாது. பலகையில் உள்ளபடியே பெயரைத் திருத்தி, எஸ்எஸ்எம் (மலேசிய நிறுவன ஆணையம்) பதிவுச் சான்றிதழையும், பலகையும் கதவு எண்ணும் ஒரே படத்தில் தெரியும் போட்டோவையும் இணைத்து முறையீடு செய்தோம். முதலில் பெயரைத் திருத்துங்கள், பிறகு முறையிடுங்கள். மாற்றிச் செய்தால் தள்ளுபடிதான்.

அலுவலகம் மேப்பில் திரும்பி வந்ததும் பார்த்தால், இடத்தைக் காட்டும் குறி தோட்டச் சாலையில் நிற்கிறது! லோட் எண்ணை (மனை எண்ணை) மட்டும் கொடுத்தால் இப்படித்தான் ஆகும். சாட்டிலைட் படத்தில் கூரையைப் பார்த்து, படிக்கட்டு வாசலுக்கே குறியை இழுத்து வைக்க வேண்டும்.

மேப் பதிவில் முதன்மை வகை 'ஆலோசகர்' என்று இருந்ததை 'கணக்காளர்' ஆக்கினோம். தேடலில் அதிக எடை அதற்குத்தான். சேவைப் பட்டியலை மலாயிலும் எழுதினோம். நம்மவர்களும் போனில் மலாயில்தான் தேடுகிறார்கள்.

வாட்ஸ்அப் இணைப்பும் திறக்கவில்லை. மலேசியாவின் நாட்டு எண்ணான 60-க்குப் பின் 0 போட்டிருந்தது. 012 என்று தொடங்கும் எண் 6012 என்றுதான் வர வேண்டும்.

தைப்பூசம், தீபாவளி விடுமுறையை மேப் பதிவின் 'சிறப்பு நேரம்' பகுதியில் முன்கூட்டியே போட்டுவிடுங்கள். பூட்டிய கதவைப் பார்த்தவர் ஒரு நட்சத்திரம்தான் கொடுப்பார்.