பெயர் தெரியாத ஜாஸ் ஒலிப்பதிவைக் கண்டுபிடிப்பது எப்படி? தட்டுக்கும் கசெட்டுக்கும் ஒரு செய்முறை

நுவரெலியா, அப்புத்தளைப் பக்கம் பழைய தோட்டத்துப் பங்களா ஒன்று காலியானால், கதிரை மேசையோடு இசைத்தட்டுப் பெட்டியும் டவுனுக்கு வந்துவிடும். உறை இருக்காது. லேபல் ஈரத்தில் ஊறி உரிந்திருக்கும். கசெட் என்றால் முதுகில் 'ஜாஸ் 2' என்று மட்டும் எழுதியிருப்பார்கள். வாசிப்பது யார், எந்த வருடம், எந்த அல்பம்?

புதியவர்கள் செய்யும் முதல் பிழை, பெயரில் தொடங்குவது. ட்ரம்பெட் கேட்டால் லூயி ஆர்ம்ஸ்ட்ராங், சாக்ஸபோன் கேட்டால் கோல்ட்ரேன் என்று முடிவு கட்டிவிட்டு, அதற்கு ஏற்ற ஆதாரத்தைத் தேடுவார்கள். பெயரைக் கடைசிக்கு வையுங்கள். பொருள் (கையில் உள்ள தட்டு அல்லது கசெட்), வேகம், காலம், தாளக்கட்டு, வாத்தியம் என்ற வரிசையில் போனால் பெயர் தானாக நெருங்கி வரும்.

படி 1: ஓட விடுவதற்கு முன்

மலைநாட்டு ஈரத்தில் தட்டிலும் நாடாவிலும் பூஞ்சணம் பிடிக்கும். கசெட்டின் சின்ன ஜன்னலுக்குள் நாடாச் சுருளின் ஓரம் வெள்ளையாகத் தெரிந்தால் ஓட விடாதீர்கள். பூஞ்சணம் பிளேயரில் நாடாவை வாசிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கசெட்டுக்கும் போகும். வினைல் தட்டை, காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, மெல்லிய துணியால் கோடு போகும் திசையிலேயே துடையுங்கள். லேபலில் நீர் படக்கூடாது. நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் வைத்தால் வளைந்துவிடும். பாரமான, விழுந்தால் நொறுங்கும் 78 வேகத் தட்டு (நிமிடத்துக்கு 78 சுற்று) ஷெலாக் என்ற அரக்கால் ஆனது. அதில் ஸ்பிரிட், அல்கஹோல் எதுவும் படவே கூடாது, மேற்பரப்பு கரைந்துவிடும்.

ஊசியும் வேறு. 78 தட்டின் கோடு அகலமானது, ஏறத்தாழ 75 மைக்ரோன் ஊசி வேண்டும். எல்பி (33⅓ வேக நெடுந்தட்டு) ஊசி அதில் கோட்டின் அடியில் உரசிக்கொண்டு ஓடும். இரைச்சலுக்குள் பாட்டைத் தேட வேண்டிவரும்.

படி 2: வெற்று வளையத்தை வாசியுங்கள்

கோடு முடிந்து லேபல் தொடங்கும் இடத்தில் வெறுமையான வளையம் ஒன்று இருக்கும். போனின் டோர்ச்சை பக்கவாட்டில், தட்டோடு தட்டாகச் சாய்த்துப் பிடித்தால் அங்கே கீறிய எழுத்துகள் தெரியும். லேபல் போனாலும் இது போகாது. அந்த எண்தான் ஒலிப்பதிவின் பிறப்புச் சான்றிதழ்.

நாய்ப்படம் போட்ட எச்.எம்.வி. தட்டாக இருந்தால், 'இந்தியாவில் செய்யப்பட்டது' என்ற வரியைப் பார்த்து ஏமாறாதீர்கள். கல்கத்தாவின் டம் டம் தொழிற்சாலையில் அச்சிட்ட தட்டிலும் உள்ளே இருப்பது நியூ யோர்க்கிலோ லண்டனிலோ பல வருடம் முன்பே பதிவானதாக இருக்கலாம். அச்சிட்ட இடம் வேறு, வாசித்த இடம் வேறு. எண்ணை முழுதாக, முன்னெழுத்து, இடைக்கோடு, கடைசி இலக்கம் எல்லாம் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். பல 78 தட்டுகளில் அந்தக் கடைசி இலக்கம் எத்தனையாவது முயற்சி என்பதைச் சொல்லும். ஜாஸில் அது முக்கியம், ஏனென்றால் ஒரே நாளில் ஒரே மெட்டை இருமுறை வாசித்தாலும் தனி வாசிப்பு (ஒருவர் முன்னே வந்து அந்நேரக் கற்பனையில் வாசிப்பது) இரண்டிலும் வேறாக இருக்கும்.

எண்ணருகே சிறு முக்கோணம் இருந்தால் எச்.எம்.வி.யில் அது மின் ஒலிப்பதிவின் (மைக் வைத்துப் பதிந்ததன்) அடையாளம், 1925க்கு முந்தியதல்ல. எல்பியில் ஆர், வி, ஜி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளோ 'வான் கெல்டர்' என்ற பெயரோ இருந்தால் அது ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டர் வெட்டிய தட்டு. புளூ நோட், பிரெஸ்டீஜ் போன்ற நிறுவனங்களின் பக்கம் உடனே தேடலாம். எண்ணை டிஸ்கொக்ஸ் என்ற இசைத்தட்டு விவரத் தளத்தில் இடுங்கள். அமெரிக்க 78 என்றால் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாந்தா பார்பரா வளாகம் நடத்தும் இலவச ஒலிப்பதிவுப் பட்டியலில் தேடுங்கள். பாதித் தட்டுகளின் கதை இந்தப் படியிலேயே முடிந்துவிடும்.

படி 3: வேகத்தைச் சரிசெய்யுங்கள்

கசெட்டுக்கு வெற்று வளையம் கிடையாது. ஷசாம் போன்ற, பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லும் செயலியைத்தான் எல்லோரும் முதலில் எடுப்பார்கள், அது வாய் திறக்காது. காரணம் பெரும்பாலும் வேகம். செயலி ஒப்பிடுவது குறிப்பிட்ட ஒரு பதிவின் ஒலி ரேகையை. இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளும், ஆனால் வேகம் சில சதவீதம் பிசகினாலே ரேகை பொருந்தாது. கசெட் பிளேயரின் பெல்ட் தளர்ந்தால் அந்தப் பிசகு சர்வ சாதாரணம்.

தட்டிலிருந்து கசெட்டுக்கு ஏற்றிய பதிவு என்றால், உங்களிடம் இலவசமாக ஒரு கடிகாரம் இருக்கிறது: தட்டின் கீறல். 'டிக், டிக்' என்று ஒழுங்காக வரும் சத்தம் தட்டு ஒரு சுற்றுச் சுற்றியதைக் குறிக்கும். 33⅓ வேக எல்பியில் ஒரு சுற்று 1.8 வினாடி, 45இல் 1.33, 78இல் 0.77. கணினியில் ஏற்றி, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் திறந்தால் டிக் சத்தம் கூரான முள்ளாகத் தெரியும். பத்து இடைவெளிகளை அளந்துபாருங்கள். பத்து இடைவெளிக்குப் பதினொரு டிக் வேண்டும், இங்கேதான் பலர் சறுக்குவார்கள். எல்பிக்குச் சரியாக 18 வினாடி வரவேண்டும். 18.7 வந்தால் பதிவு மெதுவாக ஓடுகிறது. 18.7ஐ 18ஆல் வகுத்தால் 1.039, ஆகவே வேகத்தை 3.9 சதவீதம் கூட்டுங்கள். வேகமும் சுருதியும் ஒன்றாக மாறும் கட்டளையையே பாவியுங்கள். சுருதியை மட்டும் மாற்றினால் ஒலி பழுதாகும், செயலிக்கும் உதவாது.

கீறல் இல்லையா? பியானோவைப் பிடியுங்கள். போனில் உள்ள சுருதி காட்டும் செயலியில், பியானோவின் சுரங்கள் எல்லாமே இரண்டு சுரங்களுக்கு நடுவில் விழுந்தால் வேகம் பிழை. ஒரு அரைச் சுரம் என்பது ஏறத்தாழ 6 சதவீதம்.

இன்னொரு பொறி. அமெரிக்காவிலிருந்து வந்த பழைய டேர்ன்டேபிள் அங்குள்ள 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குச் செய்தது. மின்மாற்றி போட்டு வோல்டேஜைக் குறைத்தாலும் நம்மிடம் வருவது 50 ஹெர்ட்ஸ். ஏசி மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். 33⅓ ஓடவேண்டிய தட்டு 27.8இல் ஓடும், சுருதி மூன்று அரைச் சுரம் இறங்கும். டெனர் சாக்ஸபோன் பாரிடோன் மாதிரி உறுமும். அப்படிப் பதிந்த கசெட்டை 20 சதவீதம் கூட்டினால் சரியாகும்.

இதெல்லாம் வீட்டுச் சாதனத்தின் கோளாறு என்று நினைக்காதீர்கள். மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஒவ் புளூ' 1959 மார்ச் 2இலும் ஏப்ரல் 22இலும் பதிவானது. முதல் நாள் பதியும்போது ஸ்டூடியோவின் நாடா இயந்திரம் மெதுவாக ஓடியதால், பிறகு சரியான வேகத்தில் ஓட விட்டபோது முதல் பக்கத்து மூன்று உருப்படிகளும் சற்றுச் சுருதி ஏறியே வெளியாயின. 1990களின் மறுபதிப்புகளில்தான் திருத்தினார்கள்.

வேகம் சரியானபின் செயலியை மூன்று வெவ்வேறு இடங்களில் கேட்க விடுங்கள். பெயர் வந்தாலும் அவசரப்படாதீர்கள். அது காட்டும் அல்பம் பெரும்பாலும் பிற்காலத் தொகுப்பாக இருக்கும், முதலில் வெளிவந்த அல்பத்தை நீங்கள்தான் தேடவேண்டும்.

படி 4: காலத்தை மட்டுப்படுத்துங்கள்

பாஸ் (அடித்தள வாத்தியம்) இல்லை, டிரம்ஸ் மெலிந்து கேட்கிறது, குழாய்க்குள் இருந்து வருகிற மாதிரி இருக்கிறது என்றால் 1925க்கு முன். டூபாவும் பாஞ்சோவும் தாளம் பிடித்தால் 1920களை ஒட்டிய பாணி. வைப்ரபோன் (கோலால் தட்டும் உலோகக் கட்டை வாத்தியம்) கேட்டால் 1930க்குப் பின். ஒரே உருப்படி வெட்டில்லாமல் ஏழெட்டு நிமிடம் ஓடினால், 1948இல் எல்பி வந்தபின் என்று வைத்துக்கொள்ளலாம். பத்து அங்குல 78இல் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் கொள்ளும். ஹெட்போனில் சாக்ஸபோன் இடம், டிரம்ஸ் வலம் என்று பிரிந்தால் 1950களின் கடைசி அல்லது அதன்பின். ஆனால் 1960களில் பழைய மோனோவைச் செயற்கையாக ஸ்டீரியோ ஆக்கி விற்றார்கள். ஒரு காதில் கனம், மறு காதில் கீச்சு என்றால் அந்த வேலை. மின் பியானோ என்றால் 1960களின் பிற்பகுதியிலிருந்து தேடுங்கள்.

றேடியோவிலிருந்து பிடித்த பதிவும் நம் பக்கம் கிடைக்கும். சிற்றலையின் ஏற்ற இறக்கம், டியூக் எலிங்டன் குழுவின் 'டேக் தி ஏ ட்ரெய்ன்', அதன்பின் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிதானமாகப் பேசும் ஆழ்ந்த ஆண் குரல் என்றால், அது 1955இல் வொய்ஸ் ஒவ் அமெரிக்காவில் தொடங்கிய வில்லிஸ் கொனோவரின் நிகழ்ச்சி. குரலை வெட்டி எறியாதீர்கள். உருப்படியின் பெயரை அவரே சொல்லியிருப்பார்.

கைதட்டல் கேட்டவுடன் 'கொழும்புக் கச்சேரி' என்று எழுதுவதும் வேண்டாம். பியானோக்காரர் டேவ் புரூபெக் 1958இலும் எலிங்டன் 1963இலும் இலங்கைக்கு வந்தது உண்மை. உங்கள் கையில் இருக்கும் நாடா அந்த மேடையில் பதிவானது என்பதற்குத் தனிச் சான்று வேண்டும்.

படி 5: விரல் கணுவில் எண்ணுங்கள்

இசைக் குறியீடு தெரியாதவர்களும் இதைச் செய்யலாம். பாஸ் நடந்துகொண்டே போவதைக் கேளுங்கள், நான்கு அடி ஒரு தாளக்கட்டு. நான்கு அடிக்கு ஒருமுறை கட்டைவிரலை ஒரு கணு நகர்த்துங்கள். சுட்டுவிரல் நுனிக் கணுவில் தொடங்கி, சுண்டுவிரல் வரை குறுக்காகப் போனால் ஒரு வரிசை. பிறகு நடுக்கணு வரிசை, பிறகு அடிக்கணு வரிசை. மூன்று வரிசையும் முடிந்தால் பன்னிரண்டு.

அங்கே இசை மறுபடி தொடக்கத்துக்கு வந்தால் அது பன்னிரண்டு கட்டு புளூஸ். உறுதிப்படுத்த ஒரு வழி: முதல் வரிசையில் ஆதாரம் ஸவில் நிற்கும், நடு வரிசை தொடங்கும்போது மவுக்கு நகரும், அடி வரிசை தொடங்கும்போது பவுக்குப் போகும். சங்கீதக் காது உள்ளவர்களுக்கு இரண்டு சுற்றில் பிடிபடும்.

பொருந்தாவிட்டால் எட்டெட்டாக எண்ணுங்கள், அதாவது இரண்டு வரிசைக்கு ஒரு பகுதி. ஒரே மெட்டு இருமுறை, வேறு மெட்டு ஒருமுறை, பழையபடி முதல் மெட்டு என்று வந்தால் முப்பத்திரண்டு கட்டு. கண்ட நடையில் ஐந்தைந்தாக விழுந்து, ஆல்ட்டோ சாக்ஸபோன் முன்னே வந்தால் முதலில் புரூபெக்கின் 1959 அல்பமான 'டைம் அவுட்'டை ஒப்பிட்டுப் பாருங்கள்.

எண்ணிக்கை பிசகுவது பெரும்பாலும் தொடக்கத்தில். அறிமுக வாசிப்பை விட்டுவிட்டு, முதல் தனி வாசிப்பிலிருந்து எண்ணுங்கள். சுற்று முடியும் இடத்தில் டிரம்ஸ்காரர் பெரும்பாலும் ஒரு உருட்டுக் கொடுப்பார்.

தாளக்கட்டு தெரிந்ததும் மெட்டு தெரிந்துவிட்டது என்று நினைக்கக்கூடாது. ஜாஸில் பழைய பாட்டின் சுரக்கூட்டுப் பாதையை (மெட்டுக்கு அடியில் மாறிவரும் சுரக்கூட்டுகளின் வரிசையை) எடுத்து, மேலே புது மெட்டுக் கட்டுவது வழக்கம். சார்லி பார்க்கர் 1945இல் பதிந்த 'கோகோ' ஓடுவது 'செரோக்கி'யின் பாதையில். பாதையை மட்டும் கேட்டு எழுதினால் பெயர் பிழையாகிவிடும்.

படி 6: வாத்தியமும் ஆளும்

ஆல்ட்டோ சாக்ஸபோனின் ஒலி கத்ரி கோபால்நாத்தைக் கேட்டவர்களுக்குப் பழக்கமானது. அதைவிடக் கனமாக, தொண்டையிலிருந்து வந்தால் டெனர். அகலமாக அதிரும் சொப்ரானோ சாக்ஸபோன் என்றால் சிட்னி பெஷேயைப் பாருங்கள். வயலின், கிட்டார்கள், டிரம்ஸே இல்லாத துள்ளல் என்றால் 1930களின் பாரிஸ், ஜாங்கோ ரைன்ஹார்ட்டும் ஸ்டெபான் கிரப்பெல்லியும். பியானோக்காரர் கூடவே முனகினால் எரோல் கார்னரா, கீத் ஜரெட்டா என்று கேளுங்கள். இருவரின் காலமும் வேறு, படி 4 பிரித்துக் கொடுக்கும்.

படி 7: மற்றவர்களிடம் கேட்பதும் பகிர்வதும்

முழுக் கசெட்டையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் யாரும் கேட்க மாட்டார்கள். 45 வினாடி வெட்டுங்கள். அதில் மெட்டின் கடைசி எட்டுக் கட்டும் தனி வாசிப்பின் தொடக்கமும் இருக்கட்டும். கசெட்டில் தொடக்கம் வெட்டுப்பட்டிருந்தால் முடிவுப் பகுதிக்குப் போங்கள், மெட்டு அங்கே திரும்பி வரும். கூடவே எழுத வேண்டியது: தட்டா கசெட்டா, வெற்று வளைய எண், மொத்த நீளம், வேகம் திருத்தியது எவ்வளவு, கேட்கும் வாத்தியங்கள், தாளக்கட்டு எண்ணிக்கை. உங்கள் ஊகத்தை எழுதாதீர்கள். எழுதினால் மற்றவர்களின் காதும் அதே பக்கம் சாயும்.

மழைக்கால மாலையில் நாலைந்து பேர் கூடினால், ஜாஸ் விமர்சகர் லெனர்ட் ஃபெதர் 1946இல் தொடங்கிய கண்கட்டுச் சோதனையை (பெயர் சொல்லாமல் கேட்கவைத்து ஊகிக்கச் சொல்வது) வீட்டிலேயே நடத்தலாம். ஆளுக்கு ஒரு உருப்படி, ஐந்து நிமிடத்துக்குள், உறை பைக்குள். முதல் தரம் கேட்டு ஆண்டையும் வாத்தியங்களையும் எழுதவேண்டும், இரண்டாம் தரம் கேட்டபின்தான் ஆளின் பெயர். பிடித்த அல்பத்தைச் சொல்லும்போது பதிவான ஆண்டு, வெளிவந்த ஆண்டு, வாசித்தவர்கள் மூன்றையும் சொல்லுங்கள். 'கைண்ட் ஒவ் புளூ'வில் பியானோ பில் எவன்ஸ் என்று மொத்தமாகச் சொன்னால் ஒரு உருப்படி தப்பிவிடும். 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்' வின்டன் கெலியுடையது. நம் காதுக்குப் பாலம் போல ஒன்று வேண்டுமானால், அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவும் கத்ரி கோபால்நாத்தும் சேர்ந்து செய்த 2008 அல்பம் 'கின்ஸ்மென்'. இரண்டு ஆல்ட்டோக்களில் எது யாருடையது என்று முதல் தனி வாசிப்பிலேயே எழுதச் சொல்லுங்கள்.