வகுப்பில் போனை எப்போது வெளியே எடுக்கச் சொல்லலாம், எடுத்து என்ன செய்யச் சொல்லலாம்

போனை வகுப்புக்குள் விடலாமா கூடாதா என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. உங்கள் பள்ளி விதி அதை அனுமதிக்கிறது, பெற்றோருக்கும் சொல்லிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். போனை எடுக்கச் சொல்லும் முன் நீங்கள் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும்: அடுத்த பத்து நிமிடத்தில் இதை வைத்து என்ன வேலை நடக்கப் போகிறது? ஒரே வரியில் பதில் வந்தால் எடுக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் அது பைக்குள்ளேயே கிடக்கட்டும்.

நான்கு பேருக்கு ஒரு போன் போதும். இதில் இரண்டு நன்மை உண்டு. போன் இல்லாத பிள்ளை தனியாகத் தெரியாது, ஒருவர் இயக்க ஒருவர் எழுத மற்ற இருவர் சோதிக்க என்று எல்லோர் கைக்கும் வேலை வந்துவிடும். ஏரோபிளேன் மோடில் போடச் சொல்லுங்கள், ஏனென்றால் நான் சொல்லப்போகும் வேலைகளில் முக்கால்வாசிக்கு இணையமே தேவையில்லை, கேமராவும் மைக்கும் போதும்.

என் வகுப்பில் நன்றாக வேலை செய்வது பந்து விழும் சோதனை. ஒரு மீட்டர் அளவுகோலைச் சுவரில் செங்குத்தாக ஒட்டுங்கள், சுழியம் மேலே இருக்கட்டும். போனைக் கையில் பிடிக்காமல் இரண்டு மீட்டர் தள்ளி ஒரு நாற்காலியில், அளவுகோலின் நடுப்பகுதிக்கு நேராகச் சாய்த்து வையுங்கள், மேலேயோ கீழேயோ இருந்து எடுத்தால் அளவு தப்பாகத் தெரியும். பந்தின் அடியைச் சுழியத்துக்கு நேராகப் பிடித்து, சுவரை ஒட்டினாற்போல் விட வேண்டும். சாதாரண வீடியோ நொடிக்கு 30 படம் என்று வைத்துக்கொண்டால், மூன்று படத்துக்கு ஒருமுறை நிறுத்திப் பார்ப்பது 0.1 நொடிக்கு ஒருமுறை பார்ப்பதற்குச் சமம். பந்தின் அடி ஏறத்தாழ 5, 20, 44, 78 சென்டிமீட்டரில் நிற்கும். பிள்ளைகளை அடுத்தடுத்த இடைவெளிகளைக் கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள்: 5, 15, 24, 34. கிட்டத்தட்ட 1, 3, 5, 7 என்ற விகிதம்! வேகம் சீராகக் கூடுகிறது என்று நான் பலகையில் எழுதியபோது தலையாட்டியவர்கள், இங்கே தாங்களாகவே அதைக் கண்டுபிடித்து, பக்கத்துக் குழுவிடம் போய் "உங்களுக்கும் அப்படித்தான் வருதா?" என்று கேட்பார்கள். எண்கள் சில சென்டிமீட்டர் முன்பின் வரும், பந்தை விட்ட சரியான கணம் இரண்டு படங்களுக்கு நடுவில் விழுந்திருக்கும். அதை மறைக்காதீர்கள், ஏன் தப்பியது என்று பேசுவதுதான் பாடத்தின் பாதி. வெளிச்சம் குறைந்தால் சில போன்கள் நொடிக்கு எடுக்கும் படங்களையே குறைத்துவிடும், அதனால் ஜன்னல் பக்கம் வையுங்கள். ஸ்லோ மோஷன் இருந்தால் நொடிக்கு 120, 240 படம் கூடக் கிடைக்கும்.

கொஞ்சம் மேல் வகுப்பென்றால் ஃபைஃபாக்ஸ் என்ற இலவச செயலியை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியின் ஆகன் நகரப் பல்கலைக்கழகத்தில் உருவானது, போனுக்குள் இருக்கும் உணரிகளை அளவுக் கருவிகளாக மாற்றிவிடும். அதில் ஒலியால் இயங்கும் ஸ்டாப்வாட்ச் இருக்கிறது, ஒரு சத்தத்தில் ஓடத் தொடங்கி அடுத்த சத்தத்தில் நிற்கும். இரண்டு போன்களை 5 மீட்டர் தள்ளி வைத்து, ஒரு போன் பக்கத்தில் ஒருவர் கைதட்ட, சில நொடி கழித்து மற்றதன் பக்கத்தில் இன்னொருவர் தட்ட வேண்டும். இரண்டு போன்கள் காட்டும் நேரமும் சுமார் 0.029 நொடி வேறுபடும். முதல் தட்டல் போக 5 மீட்டர், இரண்டாவது தட்டல் வர 5 மீட்டர், மொத்தம் 10 மீட்டர், அதை இந்த நேர வேறுபாட்டால் வகுத்தால் ஒலியின் வேகம், நொடிக்கு 340 மீட்டரை ஒட்டி வந்து நிற்கும்.

மொழி வகுப்புக்கு ஒலிப்பதிவே போதும். ஒரு பத்தியை வாசித்துப் பதிவு செய்து, தானே கேட்டு, ழகரமும் ளகரமும் குழம்பிய இடங்களைப் பென்சிலால் கோடிட்டு மறுபடி பதியச் சொல்லுங்கள். நாம் திருத்தினால் சுருங்கிப் போகிற பிள்ளைகூடத் தன் காதால் கேட்டதும் தானாகத் திருத்திக்கொள்ளும், இதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

பிள்ளைகளிடம் போனே இல்லையா? அப்பவும் வழி இருக்கிறது. பிளிக்கர்ஸ் என்று ஒரு செயலி, அதற்கு ஆசிரியரின் போன் மட்டும் போதும். பிள்ளைகள் அச்சிட்ட அட்டையைத் தங்கள் விடைக்கு ஏற்றபடி திருப்பிப் பிடிப்பார்கள், நீங்கள் கேமராவை வகுப்பு முழுக்க ஒருமுறை ஓட்டினால் யாருக்குப் புரிந்தது, யாருக்குப் புரியவில்லை என்று தெரிந்துவிடும். கை தூக்கத் தயங்குகிறவர்களின் விடையும் கிடைக்கும், எனக்கு அதுதான் பெரிது.

அப்புறம், யார் முகமும் வீடியோவில் வரக்கூடாது, பந்தும் அளவுகோலும் போதும். போனை உள்ளே வைக்கும் நேரத்தைத் தொடங்கும்போதே பலகையில் எழுதிவிடுங்கள். அந்த நேரம் வந்ததும் எண்களை நோட்டில் எழுதியாச்சா என்று பார்த்து, வீடியோவை அழிக்கச் சொல்லி, பைக்குள் வைக்கச் சொல்லுங்கள், கணக்குப் போடுவதெல்லாம் அதன் பிறகு நோட்டில்.