சீற் கூரைக்குக் கீழே ஒரு தையல் அறை

எங்கள் தையல் அறை வீட்டின் மேற்குப் பக்கத்தில் 2006இல் பத்தி இறக்கிக் கட்டினது. பத்தடிக்குப் பன்னிரண்டடி. மேலே அஸ்பெஸ்டஸ் சீற், சீலிங் இல்லை, சுவர் நாலங்குலச் சீமெந்துக் கல். மட்டக்களப்புப் பக்கம் ஆரையம்பதியில் ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது, பகல் இரண்டு மணிக்கு அந்த அறைக்குள் இருந்து கல்யாணச் சட்டை தைத்துப் பாருங்கள், தெரியும். மணிக்கட்டு வேர்வை பட்டுத்துணியில் வட்டமாய்ப் படியும். இரண்டு ஃபேன் போட்டிருந்தேன். இரண்டும் சுடுகாற்றைத்தான் சுற்றிச் சுற்றி அடித்தன.

கடனுக்காவது ஒரு ஏசி வாங்குவோம் என்று இருந்த நேரம், லண்டனில் இருக்கிற தம்பி கோல் எடுத்தான். "அக்கா, ஏசிய விடுங்க. முதல்ல கூரையப் பாருங்க. இஞ்ச நான் செய்யிற வேலையே அதுதான்" என்றான். அவன் வேலை, பழைய வீடுகளின் கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் ஏறிக் கம்பளம் மாதிரிக் கனிமப் பஞ்சு விரிப்பது. மரங்களுக்கு இடையில் 100 மில்லிமீற்றர், அதன் மேல் குறுக்காக 170, மொத்தம் 270 மில்லிமீற்றர் தடிப்பு. 1920களுக்குப் பிறகு அங்கே கட்டின வீடுகளில் பலதுக்கு இரட்டைச் சுவர், நடுவில் இரண்டங்குலம் அளவு வெறும் இடைவெளி. வெளியே சின்னத் துளை போட்டு அதற்குள்ளும் பஞ்சை ஊதி நிரப்புவார்களாம். அங்கே உள்ளே இருக்கிற சூடு வெளியே போகக் கூடாது. எங்களுக்கு வெளியே இருக்கிற சூடு உள்ளே வரக் கூடாது. அப்படியென்றால் அதே பஞ்சை இங்கேயும் போட்டால் சரிதானே என்று கேட்டேன். "போடலாம், ஆனா உங்களுக்கு அவ்வளவு தேவையில்ல. அயன்பெட்டியச் சூடாக்கிட்டு வாங்க, காட்டுறன்" என்றான்.

அவன் காட்டினதை நீங்களும் செய்து பாருங்கள். அடி கறுப்பாக இருக்கிற அயன்பெட்டியை நன்றாகச் சூடாக்கி, அடிப்பக்கம் கீழே பார்க்கப் பிடியுங்கள். நாலு விரல் இறக்கத்தில் உள்ளங்கையை நீட்டுங்கள். சுள்ளென்று அடிக்கும். சூடான காற்று மேலே போகிற சாதி. அது கீழே இறங்கி வந்து கையைச் சுடவில்லை. இரும்பே வெயில் மாதிரி எறிக்கிறது. இப்போது சாப்பாடு சுற்றுகிற வெள்ளித்தாள் ஒன்றை நடுவில், இரண்டிலும் படாமல் பிடியுங்கள். சூடு பட்டென்று நின்றுவிடும். அந்தத் தாளையே பெட்டியில் ஒட்ட வைத்து அதன் கீழ் விரலை வைத்தால் கொப்புளம்தான், அதைச் செய்ய வேண்டாம். தாள் மெல்லியது, அலுமினியம் சூட்டை அப்படியே கடத்தும். ஒரு பக்கமாவது காற்று இருந்தால்தான் அது மறிக்கும்.

நடுப்பகலில் எங்கள் சீற்றும் அந்த அயன்பெட்டி மாதிரித்தான். மட்டக்களப்பு பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏழு பாகை சொச்சம். சித்திரையிலும் ஆவணியிலும் மத்தியான வெயில் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். சுவரை விடக் கூரைதான் கூடுதலாக வாங்குகிறது. அதனால் காசு எவ்வளவு இருந்தாலும் கூரையில் தொடங்குங்கள்.

கையில் கொஞ்சக் காசுதான் என்றால் சுண்ணாம்பு போதும். நீற்றின சுண்ணாம்பைப் பால் பதத்துக்குக் கரைத்து, கொஞ்சம் வெள்ளைச் சீமெந்தும் பெயின்ட் கடையில் விற்கிற பசையும் கலந்து, சீற்றின் மேல் இரண்டு பூச்சு. காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள், வெயில் ஏறினால் ஒட்டிப் பிடிக்கமுன் காய்ந்து உதிரும். மாரி மழை பாதியைக் கழுவிக்கொண்டு போகும், ஒவ்வொரு மாசியிலும் திரும்ப அடிக்க வேண்டும். ஓட்டுக் கூரைக்கு இதைச் சொல்லமாட்டேன், வடிவு கெட்டுப்போகும். தகரத்துக்கு வெள்ளைப் பெயின்ட் நல்லது.

சீற்றில் வேலை செய்கிறவர்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். பாசியைச் சுரண்ட இரும்புப் பிரஸ் எடுக்காதீர்கள், காய்ந்த சீற்றை உரசாதீர்கள், துளைக்காதீர்கள். எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, அந்தத் தூசு நெஞ்சுக்குள் போகக் கூடாது. நனைத்துவிட்டு மெல்லிய தும்புக்கட்டையால் தேய்த்தால் போதும். சீற்றின் மேல் நேராகக் கால் வைக்கவே வேண்டாம். மரத்துக்கு மேலாகப் பலகை போட்டு அதில் நில்லுங்கள்.

இனி போயில், அதாவது அந்த வெள்ளித்தாள் மாதிரிப் பளபளக்கிற, கூரைக்குக் கீழே கட்டுகிற அலுமினிய விரிப்பு. மாசி, பங்குனியில் செய்தால் மழையும் விட்டிருக்கும், கச்சானும் தொடங்கியிருக்காது. முதலில் ஒழுக்குகளை அடையுங்கள். எங்கள் அம்மா 1978 நவம்பர் சூறாவளியில் கூரை பறந்ததைக் கண்ணால் கண்டவ. போயில் கட்டினால் பிறகு ஒன்றும் தெரியாது என்று சொல்லி, சீற்றைப் பிடிக்கிற கொளுக்கி ஆணி ஒவ்வொன்றையும் எண்ண வைத்தா. மூன்று இல்லை. அது ஒரு லாபம்.

அடுத்தது கரண்ட். மெயின் சுவிட்சை அணைக்காமல் கூரைக்குள் கை நீட்டாதீர்கள். போயில் முழுக்க உலோகம், ஒரு ஆணி வயரில் ஏறினால் முழு விரிப்பும் கரண்ட் ஆகிவிடும். ஆஸ்திரேலியாவில் 2009, 2010இல் அரசாங்கத் திட்டமொன்றில் கூரைக்குள் போயில் விரிப்பை உலோக ஊசியால் அடிக்கப்போன இளைஞர்கள் அப்படித்தான் செத்தார்கள், பிறகு போயில் வேலையையே நிறுத்தினார்கள். தம்பி இதைச் சொன்ன பிறகுதான் கட்டுக்கம்பியை விட்டுவிட்டு, தூண்டிலுக்குக் கட்டுகிற நைலோன் நூலான தங்கூசிக்கு மாறினேன். மீன்பிடிச் சாமான் கடையில் தடித்த தங்கூசி ஒரு சுருள் வாங்கினால் போதும். கரண்டைக் கடத்தாது, துருப்பிடிக்காது.

கைமரங்களின் கீழ் விளிம்பில், வயர் ஓடாத இடமாகப் பார்த்து, அடிக்கு ஒன்றாக ஆணி அடித்துப் பாதியில் விடுங்கள். ஆணிக்கு ஆணி தங்கூசியைக் குறுக்கே இழுத்துக் கட்டினால் கயிற்றுக் கட்டில் மாதிரி ஒரு வலை வரும். அதன் மேல் போயிலை நுழைத்து விரிக்க வேண்டும். ஒருவர் தள்ள, மற்றவர் இழுக்க, மகளும் நானும் ஒரு காலையில் முடித்தோம். ஒரு விரிப்பின் மேல் மற்றது மூன்று அங்குலம் ஏறி நிற்கட்டும், மூட்டில் அலுமினிய ரேப். கைமரத்தின் தடிப்பே சீற்றுக்கும் போயிலுக்கும் நடுவில் இடைவெளியாகிவிடும். ஒரு அங்குலத்துக்குக் குறையாமல் பார்த்தால் போதும். மேல் நுனியிலும் கீழ் நுனியிலும் ஒரு கையகலம் திறந்து விடுங்கள். அந்த இடைவெளியில் சூடான காற்று சரிவோடு மேலே ஓடும். அது வெளியே போகப் பக்கச் சுவரின் மேல் மூலையில் இரண்டு கல்லைக் கழற்றி, அணில், வௌவால் வராமல் வலை அடித்தோம்.

நான் விட்ட பிழை பளபளப்பில். வாங்கின இடத்தில் "பளபளப்பு வெயிலப் பார்க்கணும்" என்றார்கள். ஒரு பக்கம் மட்டும் பளபளக்கிற விரிப்பு அது. நானும் மேலே பார்க்க வைத்தேன். முதல் வருசம் சுகமோ சுகம். மூன்றாம் வருசம் திரும்பவும் புழுக்கம். ஏறிப் பார்த்தால் மேலே விரல் தடிப்புக்குத் தூசு, அணில் எச்சம், மாம்பூ. பளபளப்பு எங்கே? தூசு மூடினால் போயிலும் சாக்கும் ஒன்று. பளபளப்பைக் கீழே பார்க்க வைத்தாலும் வேலை அதேதான். அந்தப் பக்கம் சூட்டை வாங்கிக்கொண்டு கீழே எறிக்காது, தூசும் தங்காது. திருப்பிப் போட்டேன். புதிதாக வாங்குகிறவர்கள் இரண்டு பக்கமும் பளபளக்கிறதை வாங்குங்கள்.

சீலிங் உள்ள வீடு என்றால் அதன் மேல் எதையாவது நிரப்பலாமா என்று கேட்கிறார்கள். எங்கள் பக்கம் நெல் ஆலை நிறைய, உமி சும்மா கிடைக்கும். அதனால் நடு அறைக்கு மேல் நாலு சாக்கு உமி பரப்பினேன். சூடு குறைந்தது உண்மை. உமியோடு வந்த நெல்லுக்கு எலி வந்தது, எலிக்குப் பின்னால் சாரை வந்தது. மூன்று மாதத்தில் சாக்கில் அள்ளி இறக்கினோம். மீன் பெட்டி ரிஜிபோமும் வேண்டாம். ஒரு நெருப்புப்பொறி போதும், கறுத்த புகையோடு உருகி ஒழுகும். காசு இருந்தால் கண்ணாடிப் பஞ்சு போடலாம், இரண்டங்குலமே இங்கே பெரிய விசயம். கையுறையும் முகமூடியும் இல்லாமல் தொட்டால் ஒரு கிழமை சொறிவீர்கள்.

சுவர் விசயத்தில் தம்பியும் நானும் சண்டை. அவன் சொல்கிற இரட்டைச் சுவருக்குக் கல்லும் கூலியும் இரண்டு மடங்கு. அந்தக் காசுக்குத் தாழ்வாரத்தை மூன்றடி நீட்டலாம். மழை நேராக அடிக்கிற சுவரின் இடைவெளியில் பஞ்சு நிரப்பினால் ஈரம் உள்ளே ஏறும், இங்கிலாந்திலேயே அப்படிப்பட்ட சுவரை நிரப்பக் கூடாது என்பார்கள் என்று அவனே ஒத்துக்கொண்டான். எங்கள் கார்த்திகை, மார்கழி மழை எப்படி அடிக்கும் என்று அவனுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

நான் செய்தது ஏழைகளின் இரட்டைச் சுவர். மேற்குச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கமுகம் சிலாகை நட்டு, கிடுகுத் தட்டி கட்டினேன். அடியிலும் மேலும் திறப்பு. வெயில் கிடுகில் படும், நடுவில் காற்று ஓடும், சுவர் குளிர்ந்தே நிற்கும். கிடுகு மண்ணில் படக் கூடாது, கறையான் ஏறும். ஐப்பசி கடைசியில் கழற்றிச் சுருட்டி வைக்கிற மாதிரிக் கயிற்றால் கட்டுங்கள், ஆணி வேண்டாம். தட்டியில் பாகல் கொடி விட்டிருக்கிறேன், கறிக்கும் ஆச்சு.

கரண்ட் கணக்கு இது. 75 வாட் ஃபேன் இரண்டு, நாளுக்குப் பத்து மணித்தியாலம் ஓடினால் ஒன்றரை யூனிட், மாதம் 45 யூனிட். இப்போது ஒன்றுதான் ஓடுகிறது, 22 யூனிட்டுக்கு மேல் மிச்சம். மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே விலை மாறுகிற பில் எங்கள் பில், அதனால் எல்லையில் நிற்கிறவர்களுக்கு இந்த 22 பெரிய தொகை. ஏசி வாங்கவில்லை.

வருசத்துக்கு ஒரு தரம், சுண்ணாம்பு அடிக்கிற அதே கிழமையில், தங்கூசியை விரலால் சுண்டிப் பாருங்கள். வெக்கைக்கு அது இழுபடும். தொய்ந்தால் போயிலும் தொய்ந்து மூட்டு பிரியும். போன மாசியில் ஏழு முடிச்சு இறுக்கினேன், அணில் கடித்த இரண்டைப் புதிதாகக் கட்டினேன்.