விடுபட்ட நீலம்: கற்பனையின் எல்லையை வீட்டிலேயே சோதிப்பது எப்படி

யாளியை யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் கோயில் தூணில் சிங்க உடம்பும் துதிக்கையுமாக நிற்கிறது. அனுபவிக்காததையும் மனம் கற்பனை செய்யும் என்பதற்கு இதைத்தான் பலரும் சான்றாகக் காட்டுவார்கள். இது சான்றாகாது. சிங்கமும் யானையும் தெரிந்த சரக்கு, ஒட்டுவேலை மட்டுமே புதிது. முயற்கொம்பும் ஆகாயத் தாமரையும் இதே வகைதான். 1515-ல் லிஸ்பனில் வந்திறங்கிய இந்தியக் காண்டாமிருகத்தை ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் நேரில் பார்க்காமலே வரைந்தார். தோல், போர்வீரனின் கவசத் தகடு போல ஆகிவிட்டது. போதாததற்குத் தோளில் இல்லாத ஒரு குட்டிக் கொம்பு வேறு.

ஆகவே சோதனைக்குப் பகுதி பகுதியாகப் பிரிக்க முடியாத ஒன்று வேண்டும்: நிறம், சுவை, மணம். வீட்டில் செய்ய நிறமே வசதி. ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் 1739-ல் எழுப்பிய கேள்வியும் அதைப் பற்றியதுதான். நீலத்தின் எல்லாச் சாயல்களையும் கண்ட ஒருவர் ஒன்றை மட்டும் கண்டதில்லை. மற்றவற்றை வரிசையாக வைத்தால், விடுபட்டதை மனம் நிரப்புமா? எண்ணங்கள் எல்லாம் புலனுபவத்தின் நகல் என்று வாதிட்ட அவரே இந்த இடத்தில் ‘நிரப்பும்’ என்று விட்டுக்கொடுத்தார்.

நீல வரிசை

தேவை: நீலம், வெள்ளை போஸ்டர் கலர், இரண்டு இங்க் பில்லர், கெட்டி வெள்ளை அட்டை, சோதனைக்கு உட்பட ஆறு பேர். கலப்பவர் அந்த ஆறு பேரில் ஒருவராக இருக்கக் கூடாது. அவர் எல்லா நீலத்தையும் பார்த்துவிடுகிறாரே.

கலரைச் சொட்டாக விழும் அளவுக்குத் தண்ணீர் விட்டுக் கரையுங்கள். ஏழு கிண்ணங்களில் தலா 20 சொட்டு வெள்ளை. அவற்றில் முறையே 1, 2, 4, 8, 16, 32, 64 சொட்டு நீலம். ஏன் இரட்டிப்பு? 1, 2, 3, 4 என்று ஒவ்வொன்றாகக் கூட்டினால் தொடக்கத்தில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும், போகப் போக எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும். கண் கூட்டலைவிட விகிதத்தைத்தான் உணர்கிறது. இன்னும் இரண்டு கிண்ணங்களில் 20-க்கு 6, 20-க்கு 11 என்று கலந்துவையுங்கள். இவை ஏமாற்று நிறங்கள். அட்டையில் பூசி நன்றாகக் காயவிட்டு, 3 செ.மீ. சதுரங்களாக வெட்டுங்கள். ஈரத்தில் ஒப்பிட வேண்டாம், காய்ந்தால் நிறம் மாறும்.

இனி, 8 சொட்டுச் சதுரத்தை எடுத்து ஒளித்துவிட்டு, மற்ற ஆறையும் வெளிறியதிலிருந்து அடர்ந்தது வரை இடைவெளியின்றி அடுக்குங்கள். சன்னலோரப் பகல் வெளிச்சம் நல்லது, நேர் வெயில் ஆகாது. ‘எங்கே ஒரு படி தாவுகிறது?’ என்று கேளுங்கள். இடத்தைக் காட்டியதும், அங்கே வரவேண்டிய நிறத்தை மனக்கண்ணில் கொண்டுவர ஒரு நிமிடம் கொடுங்கள். பிறகு வரிசையை மூடிவிடுங்கள். அதற்குப் பின்தான் 6, 8, 11 மூன்றையும் கலைத்து வைத்து, ஒன்றை எடுக்கச் சொல்ல வேண்டும்.

பெரும்பாலோர் சறுக்குவது இந்த மூடுவதில்தான். வரிசை திறந்திருந்தால் அவர் பக்கத்து நிறங்களோடு வைத்துப் பார்த்தே விடையைச் சொல்லிவிடுவார். அது பார்வை, கற்பனை அல்ல. இன்னொரு தவறு, ஒரே ஆளை இரண்டாம் முறை சோதிப்பது. முதல் சுற்றிலேயே அந்த நீலத்தை அவர் கண்டுவிட்டார், இனி வருவது நினைவு. அதனால்தான் ஆறு பேர். அடுத்தவருக்கு விடை கசியாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெறும் குருட்டாம்போக்கில் எடுத்தாலே ஆறு பேரில் சுமார் இருவர் சரியாக எடுப்பார்கள். ஐந்து அல்லது ஆறு பேரும் சரியென்றால் கவனிக்கலாம்: தற்செயலாக அப்படி நடக்க ஏறக்குறைய 56-ல் 1 வாய்ப்புதான். ஆனால் ஒரு குறை தீராது. அந்த நீலத்தை ஏதோ ஒரு சட்டையிலோ பேருந்திலோ அவர் எப்போதோ பார்த்திருக்கலாம். ஹியூம் கேட்ட சுத்தமான நிலை நம் வீட்டில் அமையாது. நடு நிறத்தை விட்டுவிட்டு 64-ஐ ஒளித்து, ‘இதற்கு அடுத்த படி என்ன?’ என்றும் வேறு ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள் (ஏமாற்றுக்கு 45, 90). இரு புறமும் பிடிமானம் இருக்கையில் நிரப்புவது வேறு, ஒரு புறம் மட்டும் வைத்துத் தாண்டுவது வேறு.

கண்ணை மூடினால் மனத்தில் படமே வராதவர்களும் உண்டு. 2015-ல் நரம்பியல் மருத்துவர் ஆடம் சீமன் குழு இதற்கு ‘அஃபேன்டேசியா’ என்று பெயரிட்டது. சோதனைக்கு முன்பே கேட்டு, அவர்கள் விடையைத் தனியாகக் குறித்துவையுங்கள்.

கறுப்பளவு கருத்த நீலம்

இந்த நிறத்தை உலகில் எந்தப் பொருளிலும் காட்ட முடியாது; ஆனால் வரவழைக்கலாம். முதலில், ‘கறுப்பைப் போலவே இருண்ட, ஆனாலும் நீலமான நிறம்’ ஒன்றைக் கற்பனை செய்யச் சொல்லி, என்ன வந்தது என்று எழுதி வாங்குங்கள். பார்த்த பிறகு எழுதினால், ‘நான் நினைத்ததும் இதுதான்’ என்பார்கள்.

பளிச்சென்ற மஞ்சள் சார்ட் பேப்பரில் 4 செ.மீ. வட்டம் வெட்டி, நடுவில் ஒரு புள்ளி வைத்து, சாம்பல் அட்டையில் ஒட்டுங்கள். பக்கத்தில் ஒரு கறுப்பு சார்ட், நடுவில் சிறு வெள்ளைப் புள்ளி. நல்ல வெளிச்சத்தில் மஞ்சளின் புள்ளியை 40 முதல் 60 விநாடி அசையாமல் பார்த்துவிட்டு, பார்வையைக் கறுப்பின் புள்ளிக்கு மாற்ற வேண்டும். சில விநாடிக்கு ஒரு நீல வட்டம் மிதக்கும், சுற்றியுள்ள கறுப்பைவிட வெளுப்பில்லாமல். மஞ்சளைப் பார்த்துக் களைத்த பார்வை நரம்பமைப்பு எதிர்ப்பக்கமான நீலத்துக்குச் சாய்கிறது. கறுப்பிலிருந்தோ வெளிச்சம் மிகக் குறைவாகவே வருகிறது. தத்துவவாதி பால் சர்ச்லண்ட் 2005-ல் இத்தகைய நிறங்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்.

வட்டத்தின் விளிம்பு கலங்கித் தெரிந்தால் கண் அலைந்திருக்கிறது. நீலத்துக்குப் பதில் சாம்பல் வந்தால் கறுப்புத் தாள் பளபளப்பானது, ஒளியைத் திருப்புகிறது. மங்கல் தாளாக மாற்றுங்கள். செல்போன் திரையின் கறுப்பு பல நேரம் மெல்ல ஒளிரும், அதை நம்ப வேண்டாம்.

எழுதி வாங்கியதை இப்போது எடுத்து ஒப்பிடுங்கள். ‘மயில்கழுத்து’, ‘இரவு வானம்’ என்று தெரிந்த நிறத்தின் பெயர்களாக இருந்தால், அவர் கற்பனை பழைய கிடங்கிலிருந்தே எடுத்திருக்கிறது. மறுநாள் தாள் எதையும் காட்டாமல் அதே நிறத்தை மறுபடி நினைக்கச் சொல்லி, உடனே மஞ்சள் வட்டத்தைக் கொடுத்து நிஜத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். முதல் நாள் முன்கூட்டி எழுதியதைவிட இது நெருங்கியிருக்கிறதா என்பதை அதே தாளில், தேதியோடு, அவர் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.