புதுசா பைத்தான் (மலைப்பாம்பு) வாங்கியிருக்கீங்களா? உடம்புக்கு என்னென்ன பாக்கணும்

புதுசா பைத்தான் வாங்குறவங்க முதல்ல கேக்குறது "எப்ப கைல எடுக்கலாம்"னுதான், ஆனா அதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது கூண்டோட சூடு. நம்மள மாதிரி அதுக்கு உள்ளேர்ந்து சூடு வராது, வெளிய இருந்துதான் எடுத்துக்கணும், அது கிடைக்கலன்னா தின்னதும் செரிக்காது, நோய் எதிர்ப்பு சக்தியும் படுத்துடும். நான் இங்க சொல்றது பால் பைத்தானை (Ball Python) வச்சு, முதல் பாம்பா நிறைய பேர் வாங்குறது அதுதான். ரெட்டிகுலேட்டட், பர்மீஸ் மாதிரி பெரிய பைத்தான் எல்லாம் முதல் பாம்பா வேண்டவே வேண்டாம்ங்கறது என் கருத்து.

கூண்டுல ஒரு பக்கம் 31-33 டிகிரி செல்சியஸ், எதிர்ப்பக்கம் 25-27 இருக்கணும். ஒளிஞ்சுக்க ரெண்டு பக்கமும் ஒவ்வொரு ஹைட், அதுவும் உடம்பு உரசுற அளவுக்கு குட்டியா. சூடான பக்கம் ஹைட் இல்லன்னா பயந்த பாம்பு குளிர் பக்கத்துலயே முடங்கிக் கிடக்கும். கூண்டுக்கு அடியில ஹீட் மேட் (சூடாக்குற விரிப்பு) போடறீங்கன்னா தெர்மோஸ்டாட் (சூட்டைக் கட்டுப்படுத்துற கருவி) இல்லாம ஆன் பண்ணவே கூடாது, கீழ சுடுதுன்னு பாம்பு எழுந்து ஓடும்னு நினைக்காதீங்க, அப்படியே படுத்துக் கிடந்து வயிறு வெந்துபோற கேஸ் நிறைய உண்டு. ஈரப்பதம் 55-65 சதவீதம், டிஜிட்டல் மீட்டர்ல பாருங்க. சீடர், பைன் மரத்தூள் அடியில போடாதீங்க, அந்த வாசனை எண்ணெய் நுரையீரலுக்கு ஆகாது.

வீட்டுக்கு வந்த முதல் ஒரு வாரம் தொடாம விட்டுடுங்க, தண்ணி மாத்துறது மட்டும் போதும். வேற பாம்பு ஏற்கனவே இருந்தா புதுசை தனி ரூம்ல ரெண்டு மூணு மாசம் வைங்க, கடைசியா அதைத்தான் தொடணும், தொட்டதும் கை கழுவணும். அடியில வெள்ளை டிஷ்யூ பேப்பர் போடுங்க, பாக்க நல்லா இருக்காது, ஆனா மைட்ஸ் (ரத்தம் குடிக்கற குட்டி உண்ணி) இருந்தா அதுலதான் தெரியும். கடுகை விட சின்னதா கருப்புப் புள்ளி, கண்ணைச் சுத்தி இருக்கற பள்ளத்துலயும் தாடைக்குக் கீழ செதில் இடுக்குலயும் உக்காந்திருக்கும், பாம்பு எந்நேரமும் தண்ணிக் கிண்ணத்துலயே ஊறிக்கிட்டு இருந்தா சந்தேகப்படுங்க. ஈர டிஷ்யூவ கைல பிடிச்சு பாம்பை அது வழியா ஊர விட்டுட்டு பேப்பரைப் பாருங்க, புள்ளி ஒட்டியிருந்து நகர்ந்துச்சுன்னா அதேதான். நாய்க்கு வாங்கின உண்ணி மருந்தை நீங்களா அடிக்காதீங்க, கால்நடை டாக்டர் சொல்ற மருந்தும் அளவும்தான்.

அடுத்தது மூச்சு. சட்டை உரிக்கப் போற நேரத்துல லேசா விசில் மாதிரி சத்தம் வரலாம், உரிச்சதும் போயிடும். ஆனா வாயத் திறந்து மூச்சு விடுது, வாய் ஓரத்துல நுரை, கோழை, தலைய மேல தூக்கியே வச்சிருக்குன்னா அது மூச்சுத் தொற்று, ரெண்டு நாள் பாக்கலாம்னு உக்காராதீங்க. கூண்டு குளிரா ஈரமா இருந்தா வர்றது இது, ஆனா பைத்தான்களுக்கு நிடோவைரஸ்னு ஒண்ணும் இருக்கு, அதுக்கு டெஸ்ட் எடுத்தாத்தான் தெரியும்.

சாப்பாடு விஷயத்துல பால் பைத்தான் ரொம்ப பிகு பண்ணும். வளர்ந்தது மாசக்கணக்குல பட்டினி கிடக்கும், எடை குறையலன்னா பயப்பட வேண்டாம், அதனால கிச்சன் தராசு ஒண்ணு வாங்கி எடையை எழுதி வைங்க. குட்டி சாப்பிடலன்னா அவ்ளோ நாள் விடக்கூடாது. உயிரோட எலி போடாதீங்க, பாம்பு பசியில்லாம இருந்தா எலிதான் பாம்பைக் கடிக்கும், ஃப்ரோசன் எலியை நல்லா உருக வச்சு வெதுவெதுப்பாக்கி இடுக்கியால குடுங்க. பாம்போட உடம்புல தடிமனான இடம் எவ்ளோ இருக்கோ எலியும் அவ்ளோ தடிமன் போதும். தின்னப்புறம் 48 மணி நேரம் கைல எடுக்கக் கூடாது. கக்கிட்டா உடனே திரும்ப ஊட்டாதீங்க, வயித்து அமிலமும் சேர்ந்து வெளிய போயிருக்கும், பத்து பதினாலு நாள் விட்டு சின்னதா ஒண்ணு குடுங்க, மறுபடி கக்கினா டாக்டர்கிட்டதான் போகணும்.

கண்ணு நீலமா மங்கினா சட்டை உரிக்கப் போகுதுன்னு அர்த்தம், அப்ப ஈரப்பதத்தை 70க்கு மேல ஏத்துங்க. உரிச்ச சட்டைய விரிச்சு தலைப் பக்கம் ரெண்டு கண்ணையும் மூடியிருந்த கண்ணாடி மாதிரி தோலும் வால் நுனியும் வந்திருக்கான்னு பாருங்க. வால்ல மோதிரம் மாதிரி மாட்டிக்கிட்டா ரத்த ஓட்டம் நின்னு நுனி கருகிடும், வெதுவெதுப்பான ஈரத் துணியில கொஞ்ச நேரம் சுத்தி வச்சா தானா வழுக்கிட்டு வரும். கண்மேல ஒட்டினதை மட்டும் கிள்ளி எடுக்காதீங்க, கண்ணே போயிடும்.

நமக்கும் ஒரு விஷயம்: பாம்பு பாக்க ஆரோக்கியமா இருந்தாலும் சால்மோனெல்லாங்கற வயித்தைக் கெடுக்கற கிருமி இருக்கலாம். தொட்டா சோப்பு போட்டு கை கழுவுங்க, தண்ணிக் கிண்ணத்தை சமையல் சிங்க்ல கழுவாதீங்க, அஞ்சு வயசுக்குக் கீழ குழந்தைங்க கைல குடுக்காதீங்க.

எல்லா கால்நடை டாக்டரும் பாம்பு பாக்க மாட்டாங்க, அதனால ஊர்வன பாக்குறவர் யாருன்னு பாம்பு நல்லா இருக்கறப்பவே விசாரிச்சு நம்பர் வாங்கி வைங்க. போறப்ப துணிப் பையில முடிஞ்சு டப்பாவுல வச்சு எடுத்துட்டுப் போங்க, கூண்டுச் சூடு, ஈரப்பதம், எடை எழுதின நோட்டு, புது மலம் கொஞ்சம் ஒரு சின்ன டப்பாவுல, அவர் முதல்ல கேக்கப்போறது அதெல்லாம்தான்.