நோர்வே வீட்டில் நத்தார் விருந்து: முதல் தடவை போகிறவர்களுக்கு

நோர்வேயில் நத்தார் என்றால் டிசம்பர் 24 மாலைதான். பின்னேரம் ஐந்து மணிக்குத் தேவாலய மணிகள் அடித்ததும் பெருநாள் தொடங்கிவிடும். விருந்து, பரிசுப் பொதி பிரிப்பு எல்லாம் அன்றிரவே முடிந்துவிடும். 25ஆம் திகதி காலையில் தெருவில் ஈ, காக்கை இராது. அந்த இரவை வீட்டாருக்கு மட்டும் என்று வைத்திருப்பவர்கள்தான் இங்கே அதிகம். ஆகவே வேலையிடத்தில் ஒருவரோ பிள்ளையின் வகுப்புத் தோழியின் பெற்றோரோ உங்களைக் கூப்பிட்டால், அது வாய்ப்பேச்சுக்குச் சொன்னது என்று எண்ணித் தட்டிக்கழிக்காதீர்கள்.

போக ஒப்புக்கொண்ட கையோடு, நீங்கள் சாப்பிடாதது எது என்று சொல்லிவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒஸ்லோவும் கிழக்குப் பக்கமும் என்றால் பெரும்பாலும் ரிபே, அதாவது தோலோடு வாட்டிய பன்றி விலா. தோலைச் சின்னச் சின்னச் சதுரமாகக் கீறி ஓவன் அடுப்பில் வைப்பார்கள். அது பொரிந்து மொறுமொறுவென்று எழும்பாவிட்டால் சமைத்தவரின் முகம் வாடிவிடும். எழும்பியிருந்தால் தாராளமாகப் புகழுங்கள். பக்கத்தில் வரும் உருண்டைகளும் பன்றி இறைச்சிதான். பேர்கன் பக்கம் போனால் பின்னெஷொத்: உப்பிட்டுக் காயவைத்த ஆட்டு விலா. முதல் நாளே தண்ணீரில் ஊறவிட்டு, பானையின் அடியில் பேர்ச் மரக் குச்சிகளை அடுக்கி, அதன்மேல் வைத்து மூன்று மணித்தியாலம் அளவில் ஆவியில் அவிப்பார்கள். கருவாட்டில் வளர்ந்த நாக்குக்கு இந்த உப்பு ஒரு பொருட்டே இல்லை. என்னைக் கேட்டால், நத்தார் மேசையில் எங்கள் ஆட்களுக்குச் சட்டென்று பிடிக்கக்கூடியது இதுதான்.

மரக்கறிக்காரர்கள் இரண்டு இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். ரிபேயோடு வைக்கும் புளிப்புக் கோவாவில் பன்றிக் கொழுப்பு சேர்ந்திருக்கலாம். பின்னெஷொத்தோடு வரும் மஞ்சள் நிறக் கிழங்கு மசியலில் இறைச்சி அவிந்த சாற்றை ஊற்றுகிறவர்கள் உண்டு. பார்வைக்கு இரண்டும் சைவம்தான்! கேட்டுவிட்டே போடுங்கள். அவித்த உருளைக்கிழங்கையும் லிங்கன்பெரி ஜாமையும் பயமில்லாமல் எடுக்கலாம்.

லூத்தெஃபிஸ்க் வந்தால் முதலில் ஒரு சின்னத் துண்டு போதும். காய்ந்த மீனைக் காரநீரில் ஊறவைத்து, பிறகு பல தடவை தண்ணீர் மாற்றி, ஜெலி போல ஆடும் பதத்துக்குக் கொண்டுவருவார்கள். மீனுக்கென்று பெரிதாக ருசி கிடையாது, மேலே ஊற்றும் பன்றி வாட்டல் நெய்தான் ருசி. 1980களில் வடக்கே ஃபின்மார்க் மீன் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்த எங்கள் ஆட்கள் இருக்கிறார்களே, அவர்களிடம் இந்த மீனைப் பற்றி ஒரு தரம் கேட்டுப் பாருங்கள். பொழுது போவதே தெரியாது.

இனித்தான் முக்கியமான விஷயம். எங்கள் வீடுகளில் "காணும், காணும்" என்று கையை மறித்தாலும் இன்னொரு கரண்டி விழும். இங்கே விழாது. தட்டம் கைமாறிக் கைமாறி வரும், வேண்டியதை நீங்களே போட வேண்டும். ஒருமுறை வேண்டாம் என்றால் வேண்டாம்தான்; இரண்டாம் முறை கேட்பது தொந்தரவு என்று அவர்கள் நினைக்கிறார்கள். மரியாதைக்கு மறுத்துவிட்டுப் பசியோடு வீடு திரும்பிய தமிழர்கள் நிறையப் பேர். மதுவும் அப்படியே. அக்கெவித் என்னும் உருளைக்கிழங்குச் சாராயத்தை நீட்டினால், "நான் குடிப்பதில்லை" என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்தது. (அதில் லினியெ என்ற வகையைப் பீப்பாயில் அடைத்துக் கப்பலேற்றி, பூமத்திய ரேகையை இருமுறை கடக்கவிட்டுத் திரும்பக் கொண்டுவருவார்கள். குடிக்காவிட்டாலும் அந்தக் கதையைக் கேளுங்கள், வீட்டுக்காரர் உற்சாகமாகிவிடுவார்.) குடிக்காதவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் யூலெப்ரூஸ் என்ற நத்தார்ச் சோடா இருக்கும். "ஸ்கோல்" என்று கிண்ணத்தை உயர்த்தும்போது அதே சோடாவை உயர்த்தி, எதிரில் இருப்பவரின் கண்ணைப் பாருங்கள்.

நல்ல உடுப்பு உடுத்திப் போங்கள், சேலையென்றால் இன்னும் நல்லது. அவர்களில் சிலரும் தங்கள் ஊர்ப் பாரம்பரிய உடையில்தான் இருப்பார்கள். சப்பாத்தை வாசலில் கழற்ற வேண்டும் என்பதால் உள்ளே போடச் சுத்தமான ஒரு சோடி கொண்டுபோகலாம். சமைத்து எடுத்துப்போக ஆசையென்றால் முதலே கேளுங்கள். அன்றைய மேசைக்குப் பரம்பரை ஒழுங்கு ஒன்று இருக்கிறது, இடையில் கோழிக்கறி புகுந்தால் அவர்கள் திகைத்துப்போவார்கள். அன்று மாலை பஸ்களும் குறைவு, திரும்பும் வழியைப் பார்த்து வையுங்கள்.

பாற்சோற்றில் ஒரு முழு வாதுமைப் பருப்பை ஒளித்து வைப்பார்கள். அகப்பட்டவருக்கு மார்சிப்பானில் செய்த பன்றி பரிசு. மரத்தைச் சுற்றிக் கைகோத்துப் பாடும் வீடென்றால் சொல் தெரியாவிட்டாலும் சேர்ந்து சுற்றுங்கள். எழும்பும்போது "தக் ஃபொர் மாத்தன்" என்று சமைத்தவருக்கு நன்றி சொல்லாமல் வரக்கூடாது. அடுத்த தடவை காணும்போது, அது ஜனவரி கடைசியானாலும், "தக் ஃபொர் சிஸ்த்" என்று போன சந்திப்புக்கு நன்றி சொல்லுங்கள்.

பதிலுக்குத் தைப்பொங்கலுக்குக் கூப்பிடலாம். உறைப்பைக் குறையுங்கள், "இன்னும் போடட்டுமா?" என்று ஒருமுறை மட்டும் கேளுங்கள். ஆறு மணிக்கு வரச் சொன்னால் ஆறு மணிக்குச் சாப்பாடு தயாராக இருக்கட்டும், அவர்கள் சொன்ன நேரத்துக்கு வாசலில் நிற்பார்கள்.