சென்சார் குழாயைச் சோதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடைத்தொகுதி, அலுவலகக் கட்டடம், உணவங்காடி நிலையம் என்று சிங்கப்பூரில் எங்கே போனாலும், கழிவறையில் கை நீட்டினால் தண்ணீர் வரும் குழாய் இருக்கிறது. அவற்றைப் பொருத்தியதும் சோதித்துக் கையெழுத்துப் போட வரும் தம்பிகளைப் பார்க்கிறேன். நாங்கள் தொழில் பழகிய காலத்துத் தவறுகளையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். பேட்டரியைத் தலைகீழாகப் போடுவது, பேசினுக்கு அடியில் உள்ள வால்வைத் திறக்க மறப்பது போன்றவை அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

திறப்பதை மட்டும் எண்ணுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும். கையை நீட்டுகிறார்கள், தண்ணீர் வந்ததும் தாளில் ஒரு டிக், அடுத்த குழாய். கையை எடுத்த பிறகு தண்ணீர் எத்தனை விநாடியில் நின்றது? முழுதாக நின்றதா, நூல் மாதிரி ஒழுகியதா? யாருமே இல்லாதபோது தானாகத் திறந்ததா? தாளில் இதற்கெல்லாம் கட்டமே இருக்காது.

சென்சாருக்குக் கை என்றால் என்னவென்று தெரியாது. அது அகச்சிவப்பு ஒளியை அனுப்புகிறது, திரும்பி வரும் ஒளியின் அளவைப் பார்க்கிறது, அவ்வளவுதான். பளபளக்கும் எஃகு பேசின் அந்த ஒளியைத் திருப்பினால் அதுவும் அதற்குக் கைதான். முகப்பில் காய்ந்துபோன சோப்புப் படலமும் அப்படித்தான்.

ஒரு கடைத்தொகுதியில் மேற்குப் பார்த்த ஜன்னலோரம் வரிசையாகக் குழாய்கள். காலை 10 மணிக்குச் சோதித்தார்கள், எல்லாம் தேறியது. இங்கே சூரியன் மறைய ஏறக்குறைய 7 மணி ஆகும். 5 மணிக்கு மேல் சாய்ந்த வெயில் பேசினுக்குள் விழ ஆரம்பித்ததும் ஓரக் குழாய் தானாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. பேசின் வாயில் யாரோ போட்ட காகிதத் துண்டு அடைத்திருக்க, தண்ணீர் வழிந்து தரையில் பரவி, கீழ்மாடிக் கடையின் கூரைப் பலகையை ஊறவைத்துவிட்டது. சோதனைத் தாளில் அந்தக் குழாய்க்கு முழு மதிப்பெண். அந்தத் தாளைக் காட்டி யாரிடம் நியாயம் கேட்பது?

வெள்ளம் வராவிட்டாலும் நட்டம் நட்டம்தான். நிமிடத்துக்கு 2 லிட்டர் மட்டுமே விடும் சிக்கனமான குழாய் என்றே வையுங்கள். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை மூடாமல் கிடந்தால் 960 லிட்டர் போய்விடும். 2023இல் சிங்கப்பூரில் வீட்டில் ஒருவர் ஒரு நாளைக்குப் பயன்படுத்திய தண்ணீர் சராசரியாக 141 லிட்டர். ஏறக்குறைய ஏழு பேருடைய ஒரு நாள் தண்ணீர், ஒரே குழாயில், ஒரே இரவில்.

ஆகவே இரவிலும் சோதியுங்கள். கடைசிச் சுத்தம் முடிந்ததும் அந்தக் கழிவறையின் துணைத் தண்ணீர் மீட்டரில் உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு கதவைப் பூட்டுங்கள். யூரினல், சிஸ்டர்ன் வால்வுகளை முதலில் மூடிவிட வேண்டும், இல்லாவிட்டால் தானியங்கி ஃப்ளஷ் கணக்கைக் கெடுத்துவிடும். காலையில் கிளீனர் அக்கா வருமுன் மறுபடி பாருங்கள். எண் அசைந்திருக்கக் கூடாது. தனி மீட்டர் இல்லையா? ஒவ்வொரு குழாய்க்கும் நேர் கீழே, விரலகல டிஷ்யூத் துண்டு ஒன்றைக் காய்ந்தபடி வடிகால் சல்லடைமேல் வையுங்கள். காலையில் எது நனைந்திருக்கிறதோ அந்தக் குழாயில் கோளாறு. துண்டு சிறிதாகவே இருக்கட்டும். பெரிதாக இருந்தால் வடிகாலை அடைக்கும், சென்சார் கண்ணிலும் படும்.

தானாக நிற்கும் பாதுகாப்பு நேரத்தையும் விடாதீர்கள். சென்சார் முன்னே ஒரு வெள்ளை அட்டையை ஒட்டிவிட்டு ஸ்டாப்வாட்சைத் தட்டுங்கள். தயாரிப்பாளர் சொன்ன நேரத்தில் தண்ணீர் நிற்க வேண்டும். நிற்காத குழாயில் ஒரு ஸ்டிக்கரோ சூயிங்கமோ ஒட்டினால் போதும், ராத்திரி முழுக்க ஓடும்.

தண்ணீர் ஓடும்போது மின்சாரத்தை நிறுத்திப் பார்க்காதது

பேட்டரியில் ஓடும் குழாய்களில் பெரும்பாலும் இருப்பது, திறக்க ஒரு மின்துடிப்பும் மூட ஒரு மின்துடிப்பும் வாங்கும் சொலினாய்டு, அதாவது மின்காந்தத்தால் இயங்கும் வால்வு. நடுவில் மின்சாரம் போனால் திறந்தபடியே நின்றுவிடலாம். தண்ணீர் ஓடும்போதே பேட்டரியைக் கழற்றிப் பாருங்கள்.

ஒரே கையால் சோதிப்பது

சோதிப்பவர் எப்போதும் தன்னுடைய உலர்ந்த உள்ளங்கையை, அதே தூரத்தில், அசையாமல் காட்டுவார். கழுவ வருகிறவர் அப்படியா நிற்கிறார்? கையைத் தேய்க்கும்போது சென்சாருக்குத் தெரிவது புறங்கை. கறுத்த தோலும் கறுப்புக் கையுறையும் ஒளியைக் குறைவாகவே திருப்பும். தேக்கா பக்கம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நம் ஊர்த் தம்பி குழாய்க்கு முன்னால் கையை ஆட்டி ஆட்டிப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் குழாய்க்குப் போவதைக் கண்டிருக்கிறேன். பக்கத்திலிருந்தவருக்கு அதே குழாயில் தண்ணீர் வந்தது. சென்சார் கையை உணரும் தூரத்தை எல்லையில் வைத்தால் இப்படித்தான் ஆகும். வெவ்வேறு நிறத்தவர் கை, குழந்தையின் சின்னக் கை, நுரை பூசிய கை, கையுறை எல்லாவற்றையும் காட்டிப் பாருங்கள். பக்கவாட்டிலிருந்தும் நீட்டுங்கள்.

ஒரே மாடியில் சோதிப்பது

உயரமான கட்டடத்தில் மேல்மாடிக்குத் தண்ணீர் கூரைத் தொட்டியிலிருந்து வந்தால் அங்கே அழுத்தம் குறைவாக இருக்கும். சொலினாய்டு வால்வுக்குள் இருக்கும் ரப்பர்ச் சவ்வு, தண்ணீர் அழுத்தத்தின் உதவியோடுதான் இறுக மூடும். அழுத்தம் போதாவிட்டால் ஒழுகும், மிஞ்சினால் மூடும்போது குழாய் அதிர்ந்து ‘டொக்’ என்று அடிக்கும். மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்றாவது பாருங்கள்.

தண்ணீர் வரும் பைப்பை அலசாமல் குழாயைப் பொருத்துவது

புதுப் பைப்பில் மண்ணும் துருவலும் இருக்கும். ஒரு மணல் துகள் சவ்வின் ஓரத்தில் உட்கார்ந்தால் வால்வு மூடாது. சென்சார்மேல் பழி போடுவதற்கு முன் வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள்.

புதுப் பேட்டரியோடு மட்டும் சோதிப்பது

பாதி தீர்ந்ததையும் போட்டுப் பாருங்கள். பேட்டரி இறங்கிவிட்டால் நல்ல குழாய் திறக்கவே மறுக்கும். திறந்துவிட்டு மூட வலுவில்லாமல் நிற்பதைத் திருப்பி அனுப்புங்கள்.